இரவு 7:44: பிரிட்டனின் இ-கேட்கள் எல்லாம் ஒன்றாக நின்றது ஏன்?

2024 மே 7, செவ்வாய்க்கிழமை. முதல் நாள் திங்கள் பிரிட்டனில் பொது விடுமுறை. நீண்ட வார இறுதியை வெளிநாட்டில் கழித்தவர்கள் செவ்வாய் இரவிலும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். 7:44 மணிக்கு, எல்லைக் கட்டுப்பாட்டு அமைப்பின் வலையமைப்பில் பெரிய கோளாறு இருப்பதைப் பொறியாளர்கள் கண்டார்கள். அடுத்த ஆறு நிமிடத்தில் மாற்று ஏற்பாடுகள் தொடங்கின. அதற்குள் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், மான்செஸ்டர், எடின்பரோ என நாட்டின் வெவ்வேறு மூலைகளில் இ-கேட் எனப்படும் தானியங்கி பாஸ்போர்ட் வாயில்கள் ஆட்களை விடுவதை நிறுத்தியிருந்தன. நள்ளிரவு தாண்டிச் சற்று நேரம் கழித்தே அவை மறுபடி திறந்தன. இடைப்பட்ட நான்கு மணி நேரத்துக்கு மேல், வந்திறங்கியவர்கள் எல்லாரும் ஆள் உட்கார்ந்திருக்கும் கவுன்ட்டர்களை நோக்கித் திரும்பினார்கள். சில விமானங்களில், உள்ளே கூடத்தில் இடமில்லை என்று பயணிகளை இறக்காமலே வைத்திருந்தார்கள்.

மறுநாள் உள்துறை அமைச்சகம் சொன்னது மூன்று செய்தி: கோளாறு வலையமைப்பில், இணையத் தாக்குதல் என்பதற்கு அறிகுறி இல்லை, எல்லைப் பாதுகாப்பு எந்த நேரத்திலும் தளரவில்லை. மூன்றாவது செய்தியைப் பலர் சமாளிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அது சமாளிப்பு இல்லை. வாயில்கள் மூடி நின்றதும் அந்த மூன்றாவது செய்தியும் ஒரே முடிவின் இரு பக்கங்கள். அதை விளங்கிக்கொள்ள வாயிலுக்குள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பயணி, ஏழெட்டுச் சோதனைகள்

அந்தச் சமயத்தில் பிரிட்டனில் 15 விமான, ரயில் நுழைவிடங்களில் 270-க்கும் மேற்பட்ட இ-கேட்கள் இருந்தன. அப்போது சிப் பதித்த பாஸ்போர்ட்டும் குறைந்தது 10 வயதும் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ், ஐரோப்பிய ஒன்றிய, சுவிஸ் குடிமக்களோடு, 2019 மே முதல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களும் பயன்படுத்தலாம். இந்திய, இலங்கை, மலேசிய பாஸ்போர்ட்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஒரே குடும்பத்தில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகள் வாயில் வழியாகவும், அவளைப் பார்க்க விசாவில் வந்த பெற்றோர் கவுன்ட்டர் வழியாகவும் பிரிந்து போவது வழக்கமான காட்சி.

பயணி பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கிறார். கருவி முதலில் படிப்பது சிப்பை அல்ல. பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளை. வரிக்கு 44 எழுத்து, இடையில் அம்புக்குறி போன்ற நிரப்பிகள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. எழுத்துகளை வரிசையாக 7, 3, 1 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி, 10-ஆல் வகுத்து வரும் மீதியே அந்த இலக்கம். சுழியை ஆங்கில ஓ என்றோ, எட்டைப் பி என்றோ கருவி தவறாகப் படித்தால் கணக்கு உதைக்கும், மறுபடி படிக்கும்.

இந்த மூன்று தகவல்களிலிருந்துதான் சிப்பைத் திறக்கும் சாவி உருவாகிறது. தெருவில் யாரோ பையருகே கருவியை நீட்டி சிப்பைத் திருட்டுத்தனமாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது: பக்கத்தைத் திறந்து காட்டியவருக்கு மட்டுமே சிப் பேசும். நல்ல ஏற்பாடு, ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அச்சடித்த வரியில் ஒரு கீறலோ, பிளாஸ்டிக் உறையின் பளபளப்போ விழுந்தால் முழு ஆரோக்கியமான சிப்பும் ஊமையாகிவிடும். சிப் கெட்டுவிட்டது என்று பயணிகள் நினைக்கும் பல வேளைகளில் கெட்டிருப்பது அந்த இரண்டு வரிகள்தான்.

சாவி சரியானால் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிப் பேசத் தொடங்கும். முதல் தொகுதியில் அச்சிட்ட அதே விவரங்கள், இரண்டாவதில் முகப்படம். இவற்றை யாரும் மாற்றவில்லை என்பதற்குச் சான்றாக, பாஸ்போர்ட்டை வழங்கிய நாட்டின் மின்கையொப்பம். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க அந்த நாட்டின் மூலச் சான்றிதழ் வாயிலை நடத்தும் நாட்டிடம் இருக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கென ஒரு பொதுச் சாவிக் கோப்பகம் நடத்துகிறது. ஒரு நாடு புதிய சான்றிதழுக்கு மாறி, மற்ற நாடு அதை ஏற்றிக்கொள்ளத் தாமதித்தால், அந்தச் சான்றிதழில் வந்த புத்தம் புதிய பாஸ்போர்ட்கள் மட்டும் திரும்பத் திரும்ப மறுக்கப்படும். பழையவை போகும், புதியவை போகாது. வாயிலருகே நிற்கும் ஊழியருக்கு இது முதலில் புரிபடாத புதிர்.

பிறகு முகம். கேமரா எடுத்த படத்தை சிப்பிலுள்ள படத்தோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அது குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால்தான் பொருத்தம். எல்லையை உயர்த்தினால் வேறொருவர் பாஸ்போர்ட்டில் நுழைகிறவர் குறைவார், சொந்தப் பாஸ்போர்ட்டோடு வந்து மறுக்கப்படுகிறவர் கூடுவார். ஐரோப்பிய எல்லை அமைப்பான ஃப்ரான்டெக்ஸ் தந்த வழிகாட்டுதலில், தவறான ஏற்பு 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அந்த நிலையில் தவறான மறுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதாவது எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலும் நூறு பேரில் ஐந்து பேர் வரை, ஒரு குற்றமும் செய்யாமல், கவுன்ட்டருக்கு அனுப்பப்படுவதை இந்த அளவுகோல் ஏற்றுக்கொள்கிறது. கவுன்ட்டர்களைக் குறைக்கத் திட்டமிடுகிறவர்கள் மறந்துவிடும் எண் இது.

கடைசியில் வருவதுதான் கதவைத் திறக்கும் சோதனை. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவை மையத் தரவுத்தளத்துக்குப் போகின்றன. தேடப்படும் ஆள் உண்டா, தொலைந்ததாகப் புகாரான பாஸ்போர்ட்டா, நுழைய அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பதில் சில நொடிகளில் வரும். அந்தப் பதில் வரும்வரை, முகமும் சிப்பும் அச்சும் பொருந்திப்போன உத்தமமான பயணிக்கும் கதவு திறக்காது.

எங்கே அறுந்தது

கண்ணாடி, கேமரா, கதவின் மோட்டார், சிப் படிப்பான், கையொப்பச் சோதனை எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டால் ஒரு வாயில் நிற்கும். மிஞ்சிப்போனால் ஒரு வரிசை நிற்கும். நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் எடின்பரோவும் கேட்விக்கும் ஒரே நேரத்தில் முடங்குவதற்கு, இருவரும் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்று அறுந்திருக்க வேண்டும். அப்படிப் பகிரப்படுவது கடைசிச் சோதனைக்குப் போய்வரும் பாதையும் அதன் மறுமுனையும் மட்டும்தான். அமைச்சகம் சொன்ன வலையமைப்புக் கோளாறு இந்த இடத்தில் பொருந்துகிறது. ஓராண்டுக்கு முன், 2023 மே 27 சனிக்கிழமை, அதுவும் ஒரு மே விடுமுறை வார இறுதிதான், நாடு முழுக்க இ-கேட்கள் இதே போல முடங்கி மாலையில் சரியாயின.

பதில் வராத கேள்விக்கு வாயில் என்ன செய்ய வேண்டும்? இரண்டே வழி. திறந்துவிடுவது, அல்லது மூடி நிற்பது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் திறக்கும் அதே கதவு, தரவுத்தளம் பேசாவிட்டால் மூடி நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தேர்வு சரியானது. பதில் கிடைக்காததை நல்ல பதிலாக எடுத்துக்கொள்ளும் எல்லைக் கட்டுப்பாடு, இணைப்பைத் துண்டிக்கத் தெரிந்த எவருக்கும் திறந்த வீடு. பாதுகாப்பு தளரவில்லை என்று அமைச்சகம் சொன்னதன் உட்பொருளும் இதுவே: சோதிக்க முடியவில்லை, ஆகவே வாயில் வழியே விடவில்லை.

அப்படியானால் தேடப்படுவோர் பட்டியலின் ஒரு நகலை ஒவ்வொரு விமான நிலையத்திலும் வைத்தால் என்ன என்ற கேள்வி எழும். வைக்கலாம், இரண்டு இடர்களோடு. அரை மணி முன்பு சேர்ந்த பெயர் நகலில் இருக்காது. குழந்தையைக் கடத்திக்கொண்டு ஓடுகிற வழக்குகளில் அந்த அரை மணிதான் முக்கியம். இரண்டாவது, மிகவும் இரகசியமான ஒரு பட்டியலைப் பதினைந்து இடத்தில் பரப்புவது. ஆகவே நகலை நம்பி வாயிலைத் தானாகத் திறக்க விடுவது தவறு. நகலோடு ஓர் அதிகாரி உட்கார்ந்து, ஆளைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டு, சந்தேகமானவரை நிறுத்திவைப்பது ஏற்கத்தக்க நடுவழி. அமெரிக்காவில் 2019 ஆகஸ்ட் 16 அன்று சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் கணினிகள் முடங்கியபோதும் அதிகாரிகள் மாற்று நடைமுறைக்கு மாறி, மெதுவாகவேனும் ஆட்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். மே 7 இரவிலும் பிரிட்டனில் வரிசையை நகர்த்தியது கவுன்ட்டர்களில் இருந்த மனிதர்கள்தான்.

வரிசை எப்படி வளர்கிறது

கோளாறு நான்கு மணி நேரம் என்றால் சிரமமும் நான்கு மணி நேரம் என்று நினைப்பது தவறு. எண்களை எளிதாக வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கூடத்தில் 15 வாயில், ஆளுக்கு 30 நொடி என்று கொள்வோம்: மணிக்கு 1,800 பேர். பக்கத்தில் 8 கவுன்ட்டர், ஆளுக்கு 90 நொடி: மணிக்கு 320 பேர். வருகிறவர்கள் மணிக்கு 1,800. அவர்களில் 1,500 பேர் வாயிலுக்குத் தகுதியானவர்கள், 300 பேர் கவுன்ட்டருக்கு. எல்லாம் ஓடும்போது கூடம் காலியாகவே இருக்கும்.

வாயில்கள் நிற்கின்றன. 1,800 பேர் வருகிறார்கள், 320 பேர் வெளியேறுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் தேங்கி நிற்பவர்கள் 2,960 பேர். வாயில்கள் திரும்பி வருகின்றன, வருகையும் பாதியாக, 900-ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 1,220 பேர் வீதம்தான் தேக்கம் கரையும். இரண்டு மணி நேர முடக்கத்துக்கு, அது சரியான பிறகும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் வரிசை நிற்கும்.

இதில் கொடுமையான பகுதி, அந்த 300 பேருக்கு நேர்வது. அவர்கள் வாயிலை ஒருபோதும் பயன்படுத்தாதவர்கள். விசாவோடு வந்த முதியவர்கள், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு வந்த பெற்றோர், முதல் முறையாகப் படிக்க வந்த மாணவர்கள். வாயில் கெட்டதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவர்களுடைய எட்டுக் கவுன்ட்டருக்கு முன்னால் 1,500 பேர் வந்து நிற்கிறார்கள். பிரிட்டன் நெடுநாள் வைத்திருந்த சேவை இலக்கே ஐரோப்பியப் பயணிகளில் 95 விழுக்காட்டினரை 25 நிமிடத்திலும், மற்றவர்களை 45 நிமிடத்திலும் அனுப்புவது என்பதுதான். அதிக நேரம் காத்திருப்பவர் யார் என்பது நல்ல நாளிலேயே முடிவாகிவிட்டது. கெட்ட நாளில் அது பல மடங்காகிறது.

கவுன்ட்டர்களை இரட்டித்து 16 ஆக்கினால் தேக்கம் 2,960-லிருந்து 2,320-ஆகக் குறைகிறது. மேசைகள் இருந்தால் போதாது; அன்று இரவு உட்கார ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும். வாயில் நன்றாக ஓடும் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆட்களின் தேவை குறைந்ததாகத் தோன்றும், பணியிடம் சுருங்கும். மே 7-இன் பாடம் கம்பியில் மட்டும் இல்லை, இந்தப் பணிப்பட்டியலிலும் இருக்கிறது. வாயில்களை வாங்கும்போதே, அவை நிற்கும் இரவுக்கு எத்தனை அதிகாரிகளை ஒரு மணி நேரத்தில் அழைக்க முடியும் என்ற எண்ணையும் எழுதி வைக்காத விமான நிலையம் வேலையை முழுதாகச் செய்யவில்லை.

ஒருவருக்கு மட்டும் திறக்காவிட்டால்

பக்கத்து வாயில்கள் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் உதவி கோரும்படி திரையில் வந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் பாஸ்போர்ட்டைச் சீக்கிரம் எடுத்துவிடுவதுதான். முகப்படம் சிப்பிலிருந்து இறங்கச் சில நொடி ஆகும். திரை சொல்லும்வரை கையால் பக்கத்தைச் சமமாக அழுத்தி வைத்திருக்க வேண்டும். உறையைக் கழற்றாமல் வைப்பது, வேறு பக்கத்தைக் கவிழ்ப்பது, மடிந்த ஓரம் ஆகியவை அடுத்தவை. தொப்பி, முகத்தில் விழும் முடி, கறுப்புக் கண்ணாடி நீக்க வேண்டும். தரையில் வரைந்த பாத அடையாளத்தில் நிற்காமல் ஓரடி முன்னால் நின்றால் கேமராவுக்கு முகம் சாய்ந்து தெரியும். கைப்பெட்டியை இடையில் நிறுத்தினாலோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாலோ இரண்டு பேர் நுழைவதாக உணரிகள் எடுத்துக்கொள்ளலாம்.

பத்தாண்டு பாஸ்போர்ட்டின் ஒன்பதாம் ஆண்டில், எடை கூடியோ குறைந்தோ, தாடி வளர்த்தோ வந்தால் ஒப்பீட்டு மதிப்பெண் சரியும். இன்னொரு வகை, எல்லாம் பொருந்தியும் மையத்திலிருந்து அதிகாரியைப் பார்க்கச் சொல்லும் பதில் வருவது. தேடப்படும் ஒருவரின் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால்கூட இப்படி நேரலாம். அதிகாரி இரண்டு நிமிடத்தில் தீர்த்துவிடுவார். திரும்ப வேறு வாயிலில் முயல்வது நேர விரயம்; பதில் மாறாது.

சென்னையில், சிங்கப்பூரில்

இந்தியாவின் விரைவுக் குடிவரவு – நம்பகமான பயணியர் திட்டம் 2024 ஜூன் 22 அன்று தில்லியில் தொடங்கி, 2025 ஜனவரி 16 முதல் சென்னை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களிலும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஐந்திலும் வந்தது. இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் கட்டணமின்றிச் சேரலாம். முன்கூட்டியே இணையதளத்தில் விண்ணப்பித்து, விமான நிலையத்திலோ வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ கைரேகையும் முகப்படமும் தர வேண்டும். பதிவு ஐந்தாண்டு அல்லது பாஸ்போர்ட் காலாவதி, எது முந்தியோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட் புதுப்பித்ததும் பழைய பதிவை நம்பி வாயிலில் போய் நிற்பது இங்கே ஏற்படக்கூடிய பிழை.

பிரிட்டன் வாயில் முகத்தை ஒப்பிடுவது பயணி கையில் கொண்டுவரும் சிப்போடு. சென்னையில் ஒப்பிடுவது முன்பே பதிந்து வைத்த தரவோடு. சிப் இல்லாத கோடிக்கணக்கான இந்தியப் பாஸ்போர்ட்களுக்கும் வழி திறந்த நல்ல முடிவு அது. ஆனால் மையத்தோடு இணைப்பு அறுந்தால் கடைசிச் சோதனை மட்டுமல்ல, முக ஒப்பீடும் சேர்ந்தே நிற்கும். சிங்கப்பூர் சாங்கி இன்னும் ஒரு படி போய், 2024 செப்டம்பர் 30 முதல் நான்கு முனையங்களிலும் பாஸ்போர்ட்டையே காட்டாமல் முகம், கருவிழி கொண்டு குடியிருப்பாளர்களை அனுப்புகிறது. ஆளுக்கு 25 நொடியாக இருந்தது 10 நொடியானது. மையத்தை இவ்வளவு சார்ந்த இடங்களில், பாஸ்போர்ட்டைக் கைப்பையின் அடியில் போடாமல் மேலே வைத்திருப்பதும், ஆள் உள்ள கவுன்ட்டர் எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பதும் பயணியின் பொறுப்பு.

முடங்கிய இரவில் பயணிக்கு

அடுத்தடுத்த வாயில்கள் எல்லாம் சிவப்பு காட்டினால், பாஸ்போர்ட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. கவுன்ட்டர் வரிசைக்கு உடனே போய்விடுவது நல்லது. வாயில் திரும்ப வந்ததும் ஊழியர்கள் வரிசையைப் பிரித்து அழைப்பார்கள். பாதுகாப்புச் சோதனையில் காலி செய்த தண்ணீர்க் குப்பியை இறங்கும் முன் விமானத்திலேயே நிரப்பி வாங்கலாம். அன்றிரவு வேண்டிய மருந்து, குழந்தையின் பால், கைபேசி மின்கலம் ஆகியவை சரக்குப் பெட்டியில் இருந்தால் வரிசையின் மறுகோடியில் இருக்கும்; கைப்பையில் வைப்பதே முறை. நீரிழிவுக்காரர்களும் கர்ப்பிணிகளும் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களும் தயங்காமல் முதல் ஊழியரிடமே சொல்ல வேண்டும். தனித்தனிச் சீட்டில் அடுத்த விமானம் பிடிக்கிறவர்களுக்கு, முதல் விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியிருந்தால் முதல் நிறுவனம் பொறுப்பேற்காது. இடைவெளியை அதற்கேற்ப விட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும். சிங்கப்பூர், அமெரிக்க, கனடியப் பாஸ்போர்ட்டோடு, அழைத்த அமைப்பின் சான்றிதழை வைத்து, படைப்புக் கலைஞர்களுக்கான மூன்று மாத விசா விலக்கில் லண்டனுக்குக் கச்சேரிக்கு வருகிறவர்கள் இ-கேட்டில் போகவே கூடாது. அதிகாரியைப் பார்த்துச் சான்றிதழைக் காட்ட வேண்டும். வாயில் அவர்களைச் சாதாரணப் பார்வையாளராகவே விட்டுவிடும். பிறகு அந்த விலக்கின் கீழ் ஊதியத்துக்கு மேடையேற உரிமை இருக்காது. வாயில்கள் முடங்கி எல்லாரும் கவுன்ட்டருக்கு வரும் இரவிலும் இது தானாக நடந்துவிடாது. வரிசையைக் குறைக்கும் அவசரத்தில் இருக்கும் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து உடனே கையசைத்து அனுப்பக்கூடும். சான்றிதழை முதலில் நீட்டி, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்ன பிறகே நகர வேண்டும்.